அவருக்குப் பிறவியிலிருந்து, உங்களுக்கு அறுபதில்

காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வரைந்த ஆடியோகிராம் தாள் கைக்கு வந்ததும் பலர் கேட்கிற முதல் கேள்வி காது கேட்கும் கருவியின் விலை. அடுத்த கேள்வி கொஞ்சம் தயங்கி வரும்: "எங்க சித்தப்பா ஒருத்தருக்குப் பொறந்ததுல இருந்தே செவி கேக்காது. இதும் அதுதானா?"

அந்தச் சித்தப்பாவோ பெரியம்மாவோ பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் கடற்கரை ஊராக இருக்கலாம், குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடாக இருக்கலாம். கேட்கிறவர் அவரோடு உட்கார்ந்து பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். கல்யாண வீட்டில் பார்த்தால் ஒரு தலையாட்டல், கையை வாய்க்குக் கொண்டுபோய் 'சாப்பிட்டாச்சா' என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். இப்போது தனக்கே கேட்காமல் போகிறபோது அவர் நினைவு வருகிறது, ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. தாராளமாகப் போகலாம். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

கேள்விக்குப் பதில்: அநேகமாக அது வேறு, இது வேறு. பிறவிக் கேளாமையில் பெரிய பங்கு மரபணுவுக்கு. உதாரணமாக, கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள பிழை பொதுவாகத் தாய் வழியிலும் தந்தை வழியிலும் சேர்ந்து வந்தால்தான் குழந்தைக்குக் கேட்காது. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற வழக்கம் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. பெற்றோர் இருவருக்கும் நன்றாகக் கேட்கும் என்பதால் வீட்டில் யாருக்கும் காரணம் பிடிபடாது. கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா, பிறந்ததும் வந்த கடுமையான மஞ்சள் காமாலை, கைக்குழந்தைப் பருவத்து மூளைக்காய்ச்சல் ஆகியவை மற்ற காரணங்கள்.

அறுபதில் வருவது தேய்மானம். உள்காதின் நத்தைச் சுருளில் இருக்கிற மயிர்ச்செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, செத்தவை திரும்ப முளைப்பதில்லை. வயதோடு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேரும். இந்த மாவட்டத்தில் இரைச்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வள்ளத்தில் அவுட்போர்டு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலுக்குப் போனவர்கள், விசைப்படகின் டீசல் எஞ்சின் அறையில் நின்றவர்கள், மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர்கள், திருவிழாவில் கதினா வெடி போடுகிறவர்கள். இரைச்சலின் அளவு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பாதுகாப்புக் கணக்கு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சிப்பி எடுக்கக் கடலில் மூழ்குகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. காதில் அழுத்தத்தைச் சமன்செய்யாமல் வேகமாக ஆழத்துக்குப் போனால் செவிப்பறை கிழியும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு முப்பது நாற்பது வயதிலேயே கேட்காமல் போயிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் குடும்ப வழியில் வரக்கூடியது. அதற்கு அறுவை சிகிச்சையே இருக்கிறது.

முதலில் உங்கள் காது

உயர் சுருதியை வாங்குகிற செல்கள்தான் முதலில் போகும். உயிரொலிகள் கனமானவை, அவை கேட்டுக்கொண்டே இருக்கும். ச, த, ட, ப போன்ற மெய்கள் நழுவும். காது, காசு, காடு மூன்றிலும் 'கா' விழும், மீதியை மூளை ஊகித்து நிரப்பும். "கேக்குது, ஆனா புரியல" என்று சொல்வது இதைத்தான். வீட்டார் கத்துவார்கள், கத்தும்போது பெருப்பது உயிரொலி, மெய் அங்கேயே நிற்கும். தேய்ந்த உள்காதுக்கு ஒரு அளவுக்கு மேல் சத்தம் வலியாகவும் மாறும். "ஏன் இப்படிக் கத்துத?" என்று சண்டை தொடங்கும் இடம் அது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவோ, தகுதி பெற்ற ஆடியாலஜிஸ்டோ, எங்கே போனாலும் வரிசை ஒன்றுதான். முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்தபிறகுதான் மற்றது. பிறகு ஒலி புகாத அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை மிக மெல்லிய ஒலி எது கேட்கிறது என்று அளப்பார்கள். சொற்களைச் சொல்லவைத்து ஒரு சோதனையும் உண்டு. தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு வலப்பக்கம் சரிந்து இறங்கினால் உயர் சுருதி போயிருக்கிறது.

ஒரே காதில் திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் காத்திருக்காதீர்கள். அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல பலன். "குளிர் அடைச்சிருக்கும்" என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்குச் செய்ய முடிவது மிகக் குறைவு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெயே சீழ் பிடிக்க வைக்கும்.

கருவியைப் பரிசாகக் கொண்டுபோகாதீர்கள்

உங்களுக்குக் கருவி பொருத்தி, பேத்தியின் பேச்சு மறுபடி விளங்கியதும் வருகிற முதல் நல்லெண்ணம் இது: "சித்தப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்போம்." சில வீடுகளில் பழைய கருவியையே கொடுத்துவிடுவார்கள். இரண்டும் வேண்டாம்.

பேச்சொலியைப் பிரித்தறியும் பாதை மூளையில் முதல் சில வருடங்களில் உருவாகிறது. அந்த வயதில் ஒலியே போகாதவருக்கு அறுபது வயதில் கருவி மாட்டினால் அவருக்குப் போவது பேச்சல்ல, இரைச்சல். மிக்ஸியும் லாரி ஹாரனும் தலைக்குள் இடிக்கும், ஒரு சொல்கூட விளங்காது. உங்கள் கருவியோ உங்கள் ஆடியோகிராமுக்கென்று நிரல் செய்தது. அச்சும் உங்கள் காதுத் துளைக்கு எடுத்தது. அவர் மரியாதைக்காக நீங்கள் இருக்கும்வரை மாட்டிக்கொண்டு, போனதும் பெட்டியில் போடுவார். அவரே கேட்டால் முதலில் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

உண்மையிலேயே ஏதாவது செய்ய நினைத்தால் அவரிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பேச்சு அலைவரிசையில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'காது கேளாதவர்', 60 முதல் 70 வரை 'செவித்திறன் குறைந்தவர்'. அட்டை இல்லையென்றால் அரசு மருத்துவமனைப் பரிசோதனை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று இரண்டு இடத்துக்கும் கூடப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

போய் உட்காரும்போது

பின்னாலிருந்து தொட வேண்டாம், பொருளை எறிய வேண்டாம். கண்ணில் படும் பக்கமாகப் போய்க் கை அசையுங்கள், அல்லது தோளில் இரண்டு தட்டு. விளக்கை அணைத்துப் போடுவதும் அழைப்புதான். தரையில் காலால் தட்டுவது மரத்தட்டு போட்ட பழைய வீட்டில் எட்டும், கான்கிரீட்டில் எட்டாது.

பழைய வீடுகளில் உள்ளறை இருட்டு, வாசல் வெளிச்சம். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் கறுப்பு நிழல். இருவருக்குமே முகம் பார்க்க வேண்டியிருப்பதால் ஜன்னல் இருவருக்கும் பக்கவாட்டில் வரும்படி நாற்காலியைத் திருப்புங்கள். நாலடி இடைவெளி வையுங்கள். அதற்குள் கை அசைவு முழுதாகத் தெரியும், உங்கள் கருவிக்கும் பேச்சு எட்டும். தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். டிவியை அணையுங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் கருவி பயனில்லை. அந்த அரைமணி நேரம் நீங்கள் அவருடைய உலகத்தில் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு கையால் பேசுங்கள். கரண்ட் போனால் டார்ச்சை எதிராளியின் கண்ணில் அடிக்காமல் பேசுகிறவர் கையிலும் முகத்திலும் படும்படி வையுங்கள்.

உதட்டை மட்டும் நம்ப வேண்டாம். பணம், மணம் இரண்டும் உதட்டில் ஒன்றே. க, ங உள்ளே தொண்டைப் பக்கம் பிறப்பவை, வெளியே தெரியவே தெரியாது. ல, ள, ழ வித்தியாசம் கேட்கிறவர்களுக்கே தகராறு. எண்ணையும் தேதியையும் எழுதிக் காட்டுங்கள்; எழுபது, அறுபது குழப்பத்தில் வைத்தியமும் பணமும் மாறிப்போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் விரல், காலண்டர், போட்டோ.

சைகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையத்தின் அகராதி 2021-இல் 10,000 சொற்களுக்கு வளர்ந்தது, காணொளிகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல பொருள்தான். ஆனால் பள்ளிக்கே போகாத முதியவர் அந்த மொழியைப் பார்த்திருக்கவே மாட்டார். அவரிடம் இருப்பது வீட்டுச் சைகை, அவரும் அவர் அம்மாவும் அக்காவும் சேர்ந்து உண்டாக்கியது. மீசையை முறுக்கினால் அப்பா, மூக்குத்தி இடத்தைத் தொட்டால் அம்மா என்பது பொது மொழியிலும் உண்டு. நெற்றித் தழும்பைக் காட்டினால் எந்த மாமா என்பது அந்த வீட்டுக்கு மட்டும் தெரியும். அதனால் முதலில் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பொருளைச் சுட்டி, புருவத்தை உயர்த்தினால் போதும், அவர் காட்டித் தருவார். அவர் இந்திய சைகை மொழி தெரிந்தவர் என்றால் உங்களுக்கு ஒரு வசதி: அங்கே கேள்விச் சொல் பெரும்பாலும் கடைசியில் வரும், 'உன் பேரு என்ன' என்று நாம் கேட்கிற மாதிரியே. வாரத்துக்குப் பத்துச் சைகை அறுபது வயதில் தாராளம். 'புரியவில்லை', 'இன்னொரு தடவை', 'மெதுவாக' என்ற மூன்றிலிருந்து தொடங்குங்கள்.

இந்த மூன்றும் உங்களுக்கே அதிகம் தேவைப்படும். புதிதாகக் கேட்காமல் போனவர்கள் செய்கிற முதல் காரியம் புரியாததற்கும் தலையாட்டுவது. மருமகளிடம் அது செல்லும். சித்தப்பாவிடம் செல்லாது, ஆயுள் முழுக்க அதையே செய்தவர், கண்டுபிடித்துவிடுவார். அடுத்தது, கேட்பதைத் தவிர்க்க நீங்களே பேசிக்கொண்டிருப்பது. அவருக்கு வீட்டில் அதிகம் கிடைத்தது 'அப்புறம் சொல்றேன்' என்கிற கையசைப்பு. எல்லோரும் சிரிப்பார்கள், ஏன் என்று கேட்டால் அப்புறம். அந்த அப்புறம் வந்ததில்லை. இப்போது கல்யாணப் பந்தியில் உங்களுக்கும் அதே கையசைப்பு கிடைக்கத் தொடங்கியிருக்கும்.

அதனால் ஆல்பம் கொண்டுபோங்கள். ஒரு வெள்ளைத் தாளில் குடும்பக் கிளைகளை வரைந்து, ஒவ்வொரு முகத்துக்கும் போட்டோ ஒட்டி, யாருக்கு யார் பிள்ளை, யார் சவூதியில், யார் இறந்தது, எப்போது என்று காட்டுங்கள். இறப்புச் செய்தியை நேரத்தில் சொல்லாமல் விட்ட குடும்பங்கள் நிறைய. சொத்துப் பாகத்தில் எங்கே கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாதவர்களும் உண்டு. கோபப்பட்டால் படட்டும், நியாயமான கோபம்தான். கூடவே ஒன்று: 'ஊமையன்' என்ற வீட்டுப் பெயர் ஒட்டியிருந்தால் உங்கள் வாயிலிருந்தாவது அது போகட்டும். அவர் குரல்வளையில் அநேகமாக எந்தக் குறையும் இல்லை. கேளாததால் பேச்சு வரவில்லை. உங்களுக்கு அவர் வைத்திருக்கும் சைகைப் பெயர் என்ன என்று கேளுங்கள். சின்ன வயதுக் குறும்பு ஏதாவது அதில் பதிந்திருக்கும்.

கருவியும் கடற்காற்றும்

இரண்டு நாள் தங்குவதென்றால் உலர்த்தும் டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றும் வியர்வையும் கருவியின் எதிரிகள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். ஜெல் மணிகளின் நிறம் மாறினால் அவற்றை மாற்ற வேண்டும். அரிசிக்குள் புதைத்தால் தூள் மைக்கில் ஏறும். காலையில் கருவியையும் காது அச்சையும் இணைக்கிற குழாயில் நீர்த்துளி தெரிந்தால் ரப்பர் ஊதியால் தள்ளுங்கள், வாயால் ஊதினால் இன்னும் ஈரம். ஜிங்க் ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடமாவது காற்றுப் பட வைத்துப் பிறகு போடுங்கள். உரித்த கணத்திலிருந்தே அது தீரத் தொடங்கும் என்பதால் முன்கூட்டி உரிக்கக்கூடாது. பழுப்பு ஸ்டிக்கர் என்றால் பேட்டரி அளவு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. ஊர்க் கடையில் கிடைக்கும் என்று நம்பாமல் ஒரு அட்டை பேட்டரி கொண்டுபோங்கள். கருவி விசில் அடித்தால் அச்சு சரியாக உட்காரவில்லை, குறும்பி இருக்கிறது, அல்லது குழாய் விரிசல். குழாயை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான்.

திரும்பி வந்தபின் வீடியோ கால். போனை எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து நெஞ்சு உயரத்தில், மூன்றடி தள்ளி வைத்தால் இரண்டு கையும் முகமும் படத்துக்குள் வரும். பூப்போட்ட சட்டை வேண்டாம், ஒற்றை நிறம் போதும். சிக்னல் குறைந்தால் கை கோடுகோடாக இழுக்கும், அப்போது வேகத்தைக் குறையுங்கள். உங்களோடு பேசுகிற மற்றவர்களின் பேச்சை கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் எழுத்தாக்கித் தரும். இரைச்சலில் தப்பும் தவறுமாக வரும், ஆனாலும் தலையாட்டுவதைவிட மேல்.

கிளம்பும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். உங்கள் வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்காது; திரும்பிப் பார்க்கும்போது நாற்காலி காலியாக இருக்கும். எதிரே நின்று, சுவர்க் காலண்டரில் அடுத்து வரப்போகும் தேதியை அவர் கையாலேயே வட்டமிட வையுங்கள்.