போலீஸ் என்பது காவலா?

'போலீஸார் விசாரித்து வருகின்றனர்.' தினமும் கண்ணில் படும் இந்த வரியில் 'போலீஸார்' என்ற சொல்லை ஒரு நிமிடம் பாருங்கள். முன்பாதி கிரேக்கத்தில் புறப்பட்டு லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக வந்தது. வாலில் இருக்கும் 'ஆர்' மட்டும் நம்முடையது. நாட்டார், ஊரார் என்பதைப் போல மரியாதைப் பன்மை போட்டு அதை உள்ளே சேர்த்துக்கொண்டோம். இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட 'காவல்துறை' என்று சொல்லிவிடும். சரிதான். ஆனால் போலீஸ் என்ற சொல்லுக்கு முதலில் காவல் என்ற பொருளே கிடையாது.

கிரேக்கத்தில் 'போலிஸ்' என்றால் நகரம், நகர அரசு. அதிலிருந்து 'பொலிதெயா', குடிமக்களின் ஆட்சிமுறை. லத்தீனில் அது 'பொலித்தியா' ஆனது; பிரெஞ்சில் 'போலிஸ்'. பாலிடிக்ஸ், பாலிசி எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆக, ஊர் ஒழுங்காக நடப்பதற்குச் செய்ய வேண்டிய அத்தனையும் போலீஸ். 1667இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி பாரிஸுக்கு ஒரு போலீஸ் அதிகாரியை நியமித்தார். லா ரெய்னி என்று பெயர். தெருவில் விளக்கு ஏற்றுவது, சேற்றை அள்ளுவது, ரொட்டி விலையைக் கவனிப்பது, அச்சகங்களை வேவு பார்ப்பது, திருடனைப் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1800இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சட்டம் போட்டுப் போலீஸ் ஏற்படுத்தியபோதும் தெரு விளக்கும் குப்பையும் காவலோடு சேர்ந்தே வந்தன. அன்றைய பொருளுக்குத் தமிழ் தேடினால் 'நகராட்சி' என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லே பிடிக்கவில்லை. போலீஸ் என்றால் பிரான்ஸ், பிரான்ஸ் என்றால் ஒற்றன் என்பது அவர்கள் கணக்கு. 1785இல் லண்டனுக்குப் போலீஸ் வேண்டுமென்று வந்த மசோதா தோற்றது. பேட்ரிக் கொகூன் என்ற மாஜிஸ்திரேட்டு, குற்றம் நடக்குமுன் தடுப்பதே போலீஸின் வேலை என்று எழுதி எழுதிச் சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றினார். 1798இல் தேம்ஸ் நதிக்கரையில் வணிகர்கள் பணத்தில் ஓர் ஆற்றுப் போலீஸும் உருவானது. நகருக்குள் மட்டும் பழைய ஏற்பாடுதான்: இரவில் விளக்கும் தடியுமாகச் சுற்றும் கிழட்டுக் காவல்காரர்கள், முறைவைத்து ஓராண்டு சம்பளமில்லாமல் உழைக்கும் வட்டாரக் கான்ஸ்டபிள்கள். இவர்கள் போக, பிடித்துக் கொடுத்தால் இவ்வளவு என்று கூலி வாங்கும் திருடன்பிடிகள். ஜோனதன் வைல்டு என்ற திருடன்பிடி ஒரு பக்கம் திருட்டை நடத்திக்கொண்டே மறுபக்கம் பொருளை மீட்டுக் கொடுத்துக் காசு பார்த்தவர். 1725இல் தூக்கில் தொங்கினார்.

1829இல் உள்துறைச் செயலாளர் ராபர்ட் பீல் லண்டனுக்குப் போலீஸ் ஏற்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றினார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 மாலை, லண்டன் தெருக்களில் முதல் ரோந்து புறப்பட்டது. விக்டோரியா அரியணை ஏற இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. விக்டோரியா காலத்துப் போலீஸ் என்று நாம் சொல்வதன் விதை அவருக்கு முந்தியது. ரோவன் என்ற பழைய ராணுவ அதிகாரியும் மேயின் என்ற வழக்கறிஞரும் முதல் ஆணையர்கள். அலுவலகம் வொயிட்ஹால் பிளேஸ் 4ஆம் எண். பின்வாசல் கிரேட் ஸ்காட்லாந்து யார்டு பக்கம் திறந்ததால் கொல்லைப்புறத்தின் பெயரே படைக்கு நிலைத்துவிட்டது.

அந்த முதல் ஆட்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ராணுவத்தின் சிவப்பு ஆகாதென்று நீலக் கோட்டு. அதுவும் கனவான்கள் போடும் வால்கோட்டு. தலையில் நெட்டைத் தொப்பி. கையில் துப்பாக்கியோ வாளோ இல்லை. குட்டையான மரத்தடி ஒன்று, ஆபத்தில் சுழற்றிச் சத்தம் எழுப்பிச் சகாவைக் கூப்பிட மரக் கிலுகிலுப்பை ஒன்று. விசில் வந்தது 1880களில்தான். வாரச் சம்பளம் 21 ஷில்லிங். ரோந்து நடை மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் இருக்க வேண்டும். ஓடவும் கூடாது, நின்று அரட்டையடிக்கவும் கூடாது. கழுத்துப்பட்டையில் எண். பணியில் இருப்பதைக் காட்ட மணிக்கட்டில் பட்டை ஒன்றும் பின்னர் வந்தது. 'தொழில்முறை' என்ற பெரிய சொல்லுக்கு அன்று இவ்வளவுதான் அர்த்தம்: முழுநேர வேலை, நிலையான சம்பளம், எண் போட்ட சீருடை. ஒன்றாம் எண் வாங்கிய வில்லியம் அட்கின்சன் சில மணி நேரத்திலேயே குடித்துவிட்டு வேலையை இழந்தார். இரண்டாம் எண்காரரும் போனது குடியால்தான். முதல் சில ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலைக்கவில்லை.

மக்கள் வைத்த பெயர்கள் தனிக்கதை. ராபர்ட்டின் செல்லப்பெயர் பாபி என்பதால் 'பாபி'. பீலின் ஆள் என்பதால் 'பீலர்'. 'காப்பர்' என்பதற்குச் செம்புப் பொத்தானைக் காரணம் காட்டுவார்கள், நம்பாதீர்கள். 'காப்' என்றால் பிடி என்ற கொச்சை வினை, பிடிப்பவன் காப்பர். இதில் செல்லம் குறைவு, வெறுப்பு அதிகம். 1833 மே மாதம் லண்டன் கோல்டு பாத் ஃபீல்ட்ஸில் நடந்த அரசியல் கூட்டத்தில் ராபர்ட் கல்லி என்ற காவலர் குத்திக் கொல்லப்பட்டார். மரண விசாரணை நடத்திய ஜூரி அதை நியாயமான கொலை என்று தீர்ப்புச் சொன்னது. ஜூரிமாருக்கு ஊரில் ஏக வரவேற்பு. அதே ஆண்டு போப்பே என்ற சார்ஜென்ட் சீருடை இல்லாமல் அரசியல் சங்கம் ஒன்றில் புகுந்து வேவு பார்த்தது நாடாளுமன்றம் வரை போய், அவர் வேலை போயிற்று. துப்பறியும் பிரிவு தொடங்க 1842 வரை தயங்கியதற்குக் காரணம் இந்த வெறுப்புதான். அப்போதும் இரண்டு இன்ஸ்பெக்டர், ஆறு சார்ஜென்ட், அவ்வளவுதான். 1856இல்தான் நம் மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியும் போலீஸ் வைத்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது. சரியாக நடத்தினால் சம்பளம், சீருடைச் செலவில் கால்பங்கு அரசு தரும் என்ற ஆசையும் காட்டினார்கள். விளக்கும் குப்பையும் ரொட்டியும் மெல்ல உதிர்ந்து, போலீஸ் என்றால் நீலக்கோட்டு ஆள் என்று சுருங்கியது இந்தக் காலத்தில்தான்.

கான்ஸ்டபிள் என்ற சொல் இறங்கிய தூரம் இன்னும் அதிகம். 'கோமெஸ் ஸ்தாபுலி' என்றால் லத்தீனில் குதிரை லாயத்தின் தலைவர். பிரான்ஸில் அரசனுக்கு அடுத்த படைத்தலைவராக இருந்த பட்டம், லண்டனில் வாரம் 21 ஷில்லிங்குக்குத் தெருவில் நடந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். 'கா' என்ற வேரிலிருந்து காப்பு, காவல், காவலன். காத்திருத்தலும் இதே குடும்பம். காவலுக்கு நிற்பவன் பாதி நேரம் செய்வதும் அதுதானே! பழந்தமிழில் காவலன் என்றால் அரசன். இன்று பட்டியலின் அடியில் 'இரண்டாம் நிலைக் காவலர்' நிற்கிறார். கான்ஸ்டபிளும் காவலரும் வெவ்வேறு ஊர்களில் ஒரே படிக்கட்டில் இறங்கியவர்கள். கான்ஸ்டபிளுக்குக் காவலர் என்று பெயர் வைத்தவர் இதை நினைத்து வைத்திருக்க மாட்டார். ஆனாலும் இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியாது.

வேலைக்கும் பழைய சொற்கள் இருந்தன. மதுரைக்காஞ்சியில் மழை பெய்து தெருவில் நீர் ஓடும் நள்ளிரவிலும் சளைக்காமல் சுற்றுகிறவர்கள் 'ஊர்காப்பாளர்'. கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்பது ஊர்க்காவலுக்காக மக்கள் கட்டிய வரியின் பெயர். பின்னாளில் காவல்காரர் களவுபோன பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் அதன் மதிப்பைத் தர வேண்டும் என்ற வழக்கும் இருந்தது. பீலின் ஆட்கள் அப்படியொரு பொறுப்பைக் கனவிலும் ஏற்றிருக்க மாட்டார்கள். சென்னையில் கம்பெனிக் காலத்து நகர்க்காவல் 'பெத்த நாயக்' கையில் இருந்தது. ஜார்ஜ் டவுனில் பெத்துநாயக்கன் பேட்டை என்று அந்தப் பதவி இன்னும் முகவரியாக வாழ்கிறது. காவல் நிலையத்தைக் குறித்த தாத்தா காலத்து 'டாணா'வும், அங்கிருந்த 'டாணாக்காரனும்' இந்துஸ்தானி 'தாணா'விலிருந்து வந்தவை.

போலீஸ் என்ற அமைப்பு இங்கே வந்த கதையில் பெருமைப்பட ஏதுமில்லை. வரி வசூலும் காவலும் தாசில்தார் ஒருவரிடமே இருந்ததால், வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் மக்களைச் சித்திரவதை செய்தார்கள். அதை விசாரித்த குழு 1855இல் அறிக்கை தந்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. அயர்லாந்தின் ஆயுதப் போலீஸின் சாயல் அதில் உண்டு. லண்டனில் மக்களுக்கு அஞ்சிக் கழற்றி வைத்த ஆயுதம், ஆங்கிலேயர் ஆண்ட அன்றைய அயர்லாந்திலும் இந்தியாவிலும் கழற்றப்படவில்லை.

அப்படியானால் எதை எழுதுவது? அமைப்புக்குக் காவல்துறை, ஆளுக்குக் காவலர், பேச்சில் போலீஸ். இலங்கைத் தமிழில் பலகையிலேயே 'பொலிஸ் நிலையம்' என்றுதான் இருக்கிறது, அதுவும் சரியே. 'காவலில் எடுத்து விசாரித்தனர்' என்று எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். காப்பதற்கும் பிடித்து வைப்பதற்கும் தமிழில் ஒரே சொல். எது என்று வாக்கியம்தான் சொல்ல வேண்டும். பீல் தொடங்கிய படையைப் 'பெருநகரக் காவல்துறை' என்றே எழுதலாம். சென்னைக் காவல் வண்டிகளின் கதவில் அந்தப் 'பெருநகர' ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது.