டிக்ரி கிடைத்த பிறகு

நான் வக்கீல். தீர்ப்பு வந்த அன்று மாலை லட்டு டப்பாவோடு ஆபீசுக்கு வந்தார் என் கட்சிக்காரர் ஒருவர். ஓய்வுபெற்ற லைன்மேன். வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்பக் கேட்டுப் போட்ட வழக்கு, பதினொரு வருடம் நடந்தது. "அப்போ அடுத்த மாசம் பால் காய்ச்சிடலாமா சார்?" என்றார். லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இனிமேதான் ஈ.பி. போடணும்" என்றேன்.

ஈ.பி. என்றால் நிறைவேற்றுதல் மனு. டிக்ரி, அதாவது தீர்ப்பின்படி கோர்ட் தரும் ஆணை, தானாக எதையும் செய்யாது. ஜெயித்தவர்தான் மறுபடி மனுப் போட்டு, பேட்டா என்ற கோர்ட் கட்டணம் கட்டி, நோட்டீஸ் அனுப்பி, கோர்ட் ஊழியரான அமீனாவை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

நாங்கள் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. திண்ணையில் ஈரச் செருப்பு, உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம். அமீனா 'கதவு பூட்டப்பட்டுள்ளது' என்று எழுதிக்கொண்டு திரும்பினார். பூட்டை உடைக்க ஒரு மனு, போலீஸ் பாதுகாப்புக்கு ஒரு மனு. இரண்டும் ஆர்டரான நேரத்தில் குடியிருப்பவரின் மச்சான் வந்து, "நான்தான் உண்மையான வாடகைதாரர், என்னை வழக்கில் சேர்க்கவே இல்லை" என்று ஆட்சேபணை போட்டார். அதைத் தனி வழக்கு மாதிரியே விசாரிக்க வேண்டும். சாட்சி, குறுக்கு விசாரணை, அப்பீல் எல்லாம் உண்டு.

இந்தியாவில் டிக்ரி வாங்கிய பிறகுதான் வழக்காளியின் கஷ்டமே தொடங்குகிறது என்று 1872இலேயே, அன்றைக்கு நம் வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஈ.பி.யை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கில் அதையே திரும்பச் சொன்னது. அந்த வழக்கு தாக்கலானது 1986இல்! உயர் நீதிமன்றங்களிடம் கணக்கும் கேட்டார்கள். அக்டோபரில் தெரியவந்தது: நாடு முழுக்க 8.8 லட்சத்துக்கு மேல் ஈ.பி. நிலுவை, தமிழ்நாட்டில் மட்டும் 86,000க்கு மேல்.

நீதிபதிகள் போதாது என்பது உண்மை. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் கேட்டது. இன்று அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே சுமார் 21தான். ஆனால் இழுத்தடிப்பது லாபமாக இருக்கும்வரை, நீதிபதிகளைக் கூட்டினால் மட்டும் போதாது என்பது என் கருத்து. பொய்யான வாதம் வைத்தவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் சாதாரண வழக்குகளில் எதிராளிக்குத் தர வேண்டிய அதிகபட்சச் செலவுத்தொகை 3,000 ரூபாய். மாதம் 8,000 வாடகை வரும் வீட்டில் நான்கு வருடம் உட்கார்ந்தால் 3,84,000. அனுபவித்த காலத்துக்கு நஷ்டஈடு கேட்கலாம்தான். அதற்கும் தனி விசாரணை. அப்புறம் யார் காலி செய்வார்?

எங்கள் பங்கும் உண்டு. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சேலம் வக்கீல் சங்கம் போட்ட வழக்கில், மிகவும் தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் தளர்த்தலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது. இன்று எல்லா வாய்தாவும் அந்த வகையில்தான் வருகிறது. ஜூனியருக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே எழுந்து நின்று வாய்தா கேட்பதைத்தான்.

வழக்கு நடத்துகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எதிராளி அப்பீல் போட்டுவிட்டால் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தடையாணை இல்லாவிட்டால் ஈ.பி. போடலாம். சொத்தை மீட்கவும் பணத்தை வசூலிக்கவும் பொதுவாக 12 வருடம் அவகாசம். கட்டாய உறுத்துக்கட்டளை (ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்ற கோர்ட் உத்தரவு) என்றால் 3 வருடம்தான். வழக்குப் போடும்போதே சர்வே நம்பரையும் நான்கு எல்லைகளையும் சரிபாருங்கள், அதில் பிழை இருந்தால் அமீனா வாசலோடு திரும்பிவிடுவார். சொத்தில் வேறு யாருக்கு உரிமை, யார் குடியிருக்கிறார் என்பதைத் தொடக்கத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று அந்த 2021 தீர்ப்பே சொல்கிறது. நான் போகும் கோர்ட்டுகளில் அது நடந்து பார்த்ததில்லை. உங்கள் வக்கீலை மனுப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மச்சான்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிடுவார்கள்.

லைன்மேனுக்குச் சாவி கிடைத்தது நான்கு வருடம் கழித்து, ஒரு ஆடி மாதத்தில். ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்று ஆவணி வரை காத்திருந்தார். "பதினஞ்சு வருஷம் பொறுத்தாச்சு, ஒரு மாசம் என்ன சார்" என்றார்.