ரோமனெஸ்க்: 'ரோமானிய' அல்ல, உரோமைச் சாயல்

கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணி பரவுவதற்கு முன், ஏறக்குறைய 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் நிலவிய கட்டடக்கலைக்கு ரோமனெஸ்க் என்று பெயர். இதைத் தமிழில் 'ரோமானியக் கட்டடக்கலை' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் வாசகர் பண்டைய ரோமரின் கொலோசியம் அரங்கைத்தான் நினைப்பார்.

பெயர் வந்தது கட்டடங்களுக்கு எழுநூறு ஆண்டு கழித்து. 1818இல் ஷார்ல் த ஜெர்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கடிதத்தில் 'ரோமான்' என்று குறிப்பிட்டார். லத்தீன் திரிந்து பிரெஞ்சு முதலிய மொழிகள் பிறந்தன அல்லவா, அதுபோல ரோமரின் கட்டடக்கலை திரிந்து பிறந்தது இது என்பது அவர் கணக்கு. மறு ஆண்டே வில்லியம் கன் என்ற ஆங்கிலேயர் தம் நூலில் 'ரோமனெஸ்க்' என்றார். அவர் சொன்ன காரணம் கொஞ்சம் குசும்பானது. அசல் ரோம்வாசி தன்னை 'ரோமானோ' என்பான். எத்தனை காலம் அங்கே குடியிருந்தாலும் பூர்வீகம் சந்தேகமான ஆளை 'ரோமனெஸ்கோ' என்று மட்டம்தட்டுவான். இந்தக் கட்டடங்களும் அப்படித்தானாம்!

ஸ்பெயினின் பிரனீஸ் மலையில், போயி பள்ளத்தாக்கிலுள்ள தாவூல் கிராமத்துப் புனித கிளமெண்ட் கோயிலைப் பார்த்தால் இந்த ஏளனம் எடுபடாது. தடித்த கற்சுவர், சின்னச் சின்ன ஜன்னல், மரக்கூரை, ஒல்லியாக எழும்பும் ஆறடுக்கு மணிக்கூண்டு. மணிக்கூண்டின் ஒவ்வொரு அடுக்கிலும் அரைவட்ட வளைவு ஜன்னல்கள். ரோமரிடமிருந்து வந்த சொத்து அந்த வளைவுதான். 1123 டிசம்பர் 10 அன்று ஆயர் ராமோன் இதை இறைவழிபாட்டுக்கென அர்ச்சித்தார் என்று தூண் ஒன்றிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பலிபீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாகக் குவிந்த சுவரில் அரியணைக் கிறிஸ்து ஓவியம் இருந்தது. கையிலுள்ள புத்தகத்தில் 'உலகின் ஒளி நானே' என்ற லத்தீன் வரி. அந்தப் பகுதியின் ஓவியங்கள் வெளிநாட்டுக்கு விலைபோகத் தொடங்கியதும், 1919க்கும் 1923க்கும் இடையில் துணியைப் பசை போட்டு ஒட்டி, வண்ணப்படலத்தை மட்டும் சுவரிலிருந்து உரித்து பார்சலோனாவுக்குக் கொண்டுபோனார்கள். மூலம் இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில்தான். கோயில் சுவரில் 2013 முதல் அந்த ஓவியத்தை ஒளிபாய்ச்சிக் காட்டுகிறார்கள். ஓவியம் தப்பியது சரி, கோயிலுக்கு அது இழப்பில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளத்தாக்கின் ஒன்பது கோயில்களை 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'ரோமச் சாயல்' என்றால் மயிர் நினைவு வரும். தமிழ்க் கத்தோலிக்கர் ரோமை 'உரோமை' என்பார்கள். எனவே 'உரோமைச் சாயல் பாணி' எனலாம். ரோமனெஸ்கோவில் இருக்கும் 'அசல் இல்லை, ஆனால் அந்த வழி' என்ற பொருளும் 'சாயலில்' வந்துவிடுகிறது. முதன்முதலில் வரும் இடத்தில் ரோமனெஸ்க் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பமிராது.