வெர்ஷன் மேனேஜர்: பதிப்புக் கையாளி

ஒரே கணினியில் பைதான் என்ற நிரல்மொழியின் 2.7-உம் வேண்டும், 3.12-உம் வேண்டும். இந்த வேலைக்கு இது, அந்த வேலைக்கு அது என்று மாறிக்கொள்ளவும் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் கருவிதான் வெர்ஷன் மேனேஜர். பைதானுக்கு பைஎன்வ், ரூபிக்கு ஆர்பிஎன்வ், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடுக்கு என்.வி.எம். என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி உண்டு.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? பைதான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைதான் 2-க்கான ஆதரவு நின்றதோ 2020 ஜனவரி 1-இல். பதினோரு ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே புழங்கின. 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பழைய பைதான் 3 என்னும், புதியது 3.5 என்னும். இரண்டுமே பிழை என்று எதையும் காட்டாது. ஒரு பழைய வட்டிக் கணக்கு நிரலில் இப்படி ஒரு வரி இருந்தால், விடை மாறியதே நமக்குத் தெரியாது.

இன்னொன்று: லினக்ஸோடு வரும் பைதானை நம்பி இயங்குதளத்தின் சில பாகங்களே ஓடுகின்றன. அது தெரியாமல் ஒருமுறை அதை நீக்கிவிட்டேன். திரையில் கறுப்புப் பின்னணியும் வெறும் கட்டளை வரியும்தான் மிஞ்சின.

சரி, சொல்லுக்கு வருவோம். வெர்ஷனின் வேர் 'திருப்பு' என்று பொருள்படும் லத்தீன் வினை. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு மொழிபெயர்ப்பு என்றே பொருள். ஒரு நூலின் வேறு வடிவம், அப்புறம் மென்பொருளின் வேறு வடிவம் என்று பிறகு விரிந்தது.

தமிழில் 'பதிப்பு' நிலைத்துவிட்டது. ஈர மண்ணில் கால் பதிகிறது, மோதிரத்தில் கல் பதிக்கிறோம். அழுந்தி ஓரிடத்தில் நிற்பதுதான் 'பதி'. அச்சு வந்தபின் நூலுக்கு ஆனது. 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்று புத்தகத்தில் பார்த்துப் பழகியவருக்குப் பைதானின் மூன்றாம் பதிப்பு உடனே புரியும். பைஎன்வ் ஒவ்வொரு பைதானையும் வீட்டுக் கோப்புறையில் தனித்தனியாகப் பதித்து வைப்பதால், சொல் இங்கே இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

எனக்கு ஒட்டாதது 'மேலாளர்'. வங்கியில், கடையில் இருப்பவர் அவர். 'பதிப்பு மேலாளர்' என்றால் ஏதோ பதிப்பகத்து ஊழியர் போல ஒலிக்கிறது. மேனேஜ் என்ற வினை குதிரையைப் பழக்கி நடத்துவதைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது 'கை' என்னும் லத்தீன் பெயர். தமிழில் அதே கையும் ஆளுதலும் சேர்ந்து 'கையாளுதல்' என்று ஏற்கெனவே இருக்கிறதே! உலாவி, செயலி என்று கருவிகளுக்குப் பெயர் வைத்த வழியிலேயே 'கையாளி' எனலாம். கையாள் என்றால் அடியாள் நினைவு வரும் என்று தயங்கத் தேவையில்லை. ஈற்றில் இகரம் சேர்ந்ததும் அது கருவியாகிவிடுகிறது.

கருவியின் வேலையும் கையாளுதல்தான். நாம் 'பைதான்' என்று தட்டியதும் பைஎன்வ் வைத்திருக்கும் ஒரு சின்ன இடைநிரல் அதை முதலில் வாங்கிக்கொள்கிறது. நாம் நிற்கும் கோப்புறையில் பதிப்பு எண் எழுதிய கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மேல் கோப்புறை, அதற்கும் மேல் என்று ஏறிக்கொண்டே போகும். எங்குமே இல்லாவிட்டால் பொதுவாகக் குறித்துவைத்த பதிப்பு. எண் கிடைத்ததும் அந்தப் பைதானிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். இதெல்லாம் கண் இமைப்பதற்குள்.

வெர்ஷன் கண்ட்ரோல் என்பது வேறு. அது கிட் போன்ற கருவிகளின் வேலை: நாம் எழுதும் நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றைக் காப்பது. அதைப் 'பதிப்புக் கட்டுப்பாடு' என்பார்கள். பதிப்புக் கையாளி நம் நிரலைத் தொடுவதே இல்லை; அதை ஓட்டும் மொழியை மட்டுமே மாற்றித் தருகிறது.