நுண்ணுயிர் எதிர்ப்பு: யார் யாரை எதிர்ப்பது?

ராயக்கோட்டையில் பிராய்லர் பண்ணைக்காரர்களுக்காக நடந்த விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் பேசியவர், "நம் கோழிகளிடம் நுண்ணுயிர் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகிறது" என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த பண்ணைக்காரர் மகிழ்ந்து தலையாட்டினார். கிருமியை எதிர்க்கும் வலு கோழிக்குக் கூடுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். சொல்ல வந்ததோ, கோழியின் உடலில் இருக்கும் கிருமிகள் மருந்துக்குச் சாகாமல் தப்புகின்றன என்பது. கேட்டவர் மீது குற்றமில்லை; தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார். துண்டறிக்கையிலும் செய்தியிலும் மேடையிலும் இதே சொற்றொடரைக் கண்டு பொறுமை போய்விட்டதால் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'ஆன்டிமைக்ரோபியல் ரெசிஸ்டன்ஸ்'. 'ரெசிஸ்டன்ஸ்' லத்தீன் வழி வந்தது. பின்வாங்காமல் எதிர்த்து நிற்றல் என்று பொருள். 'ஆன்டிபயாடிக்' என்ற சொல்லை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியவர் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன், 1940களில். கிரேக்கத்தில் 'ஆன்டி' எதிர், 'பயோஸ்' உயிர். வேர்ச்சொல் ஆராய்ச்சி இவ்வளவு போதும். சிக்கல் தமிழில்தான் இருக்கிறது.

'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்ற தொகையை இரண்டு விதமாக விரிக்கலாம். நுண்ணுயிரை எதிர்த்தல் என்றால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. நுண்ணுயிரது எதிர்ப்பு என்றால் ஆறாம் வேற்றுமைத் தொகை. முதலாவதில் நுண்ணுயிர் அடி வாங்குகிறது. இரண்டாவதில் அடி கொடுக்கிறது. தமிழ் வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்: இந்தி எதிர்ப்பு, ஊழல் எதிர்ப்பு, வரதட்சணை எதிர்ப்பு, நோய் எதிர்ப்பு. எல்லாவற்றிலும் முன்னால் நிற்பதே எதிர்க்கப்படுகிறது. 'விவசாயிகள் எதிர்ப்பு', 'பொதுமக்கள் எதிர்ப்பு' என்று செய்தித் தலைப்புகள் வருகின்றனவே என்று இந்தச் சொல்லாக்கத்துக்கு வாதாடுபவர்கள் கேட்கிறார்கள். வருகின்றன, அங்கே எதிர்ப்பவர்கள் மனிதர்கள், எதை எதிர்க்கிறார்கள் என்பதையும் அடுத்த வரி சொல்லிவிடும். நுண்ணுயிர் போராட்டம் நடத்துவதாக யாரும் முதலில் நினைப்பதில்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. 'நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து' என்ற தொடர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அங்கே 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்பது மருந்தின் குணம். அதே இரண்டு சொற்களை மருந்து தோற்றுப்போவதற்கும் பெயராக வைத்தால், 'நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதால் நுண்ணுயிர் எதிர்ப்பு அதிகரிக்கிறது' என்று எழுத நேரிடுகிறது. எழுதவும் செய்கிறார்கள். இந்த வாக்கியத்தைப் படிப்பவர் மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கத்தானே பார்ப்பார்? ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை உலகம் முழுவதும் கடைப்பிடிக்கும் விழிப்புணர்வு வாரத்தின் நோக்கமே அங்கே கவிழ்ந்துவிடுகிறது.

சிலர் 'ஆன்டிபயாடிக் எதிர்ப்புச் சக்தி' என்கிறார்கள். 'சக்தி' ஒட்டிக்கொண்டால் தமிழ்க் காது உடனே 'நோய் எதிர்ப்புச் சக்தி'க்குப் போய்விடுகிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. அந்த இரு மொழிகளிலும் 'ரோகநிரோதக சக்தி' என்றால் உடலின் நோய்த்தடுப்பு வலுவே. மூன்று மொழிகளிலும் நன்மையைக் குறிக்கும் சொல்லை எடுத்து ஓர் ஆபத்துக்குப் பெயராக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, 'கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது' என்ற விளக்கம். 'உடம்பு பழகிவிட்டது' என்பது இன்னும் மோசம். எதிர்ப்பது உடம்பே அல்ல. கிருமி பழகுகிறது என்பதும் தவறு. பழகுவது என்றால் ஒரே உயிர் நாள்பட நாள்பட ஒன்றைச் சகித்துக்கொள்வது. பாக்டீரியாவில் நடப்பது வேறு. அது பிரியும்போது மரபணுவில் பிழைகள் நேர்கின்றன. அதைத்தான் பாடநூல்கள் சடுதிமாற்றம் என்கின்றன. கோடிக்கணக்கில் ஒன்றிரண்டுக்கு அந்தப் பிழை மருந்திலிருந்து தப்பும் வழியாக அமைந்துவிடுகிறது. மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, எஞ்சியதன் சந்ததி இடத்தைப் பிடிக்கிறது. 1952இல் அமெரிக்க மரபியலாளர்கள் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் இதைக் காட்டினார்கள். தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை வெல்வெட் துணியில் ஒற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த வேறொரு தட்டில் அதே அமைப்பில் பதித்தார்கள். அங்கே பிழைத்தவை எந்த இடத்தில் இருந்தனவோ, மூலத் தட்டில் அதே இடத்தில் இருந்த, மருந்தையே காணாத பாக்டீரியாக்களிலும் அந்தத் திறன் இருந்தது. மருந்து கற்றுக்கொடுக்கவில்லை, தேர்ந்தெடுத்தது. மருந்தின் தாக்குதலால் சில பாக்டீரியாக்களில் பிழைகளின் வேகம் கூடுவது உண்மைதான். ஆனாலும் எந்தப் பிழை உதவும் என்று பாக்டீரியா அறிந்து செய்வதில்லை.

இந்தத் திறன் பிறப்பில் வராமல் பிறகு வந்து சேர்வதும் உண்டு. பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தின் நகலை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். வாங்குவது வேறு இனமாகவும் இருக்கலாம். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பது 2015இல் சீனாவிலிருந்து வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. கோழித் தீவனத்தில் சேர்க்கப்பட்டு வந்த கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. காசநோய்க் கிருமியின் கதை வேறு: அதில் மருந்தை எதிர்க்கும் மாற்றங்கள் அதன் சொந்த மரபணுக்களிலேயே நேர்கின்றன, பிளாஸ்மிட் வழி வருவதில்லை. 'பழகிவிட்டது' என்ற ஒரே சொல்லில் இத்தனையும் புதைந்துபோகிறது.

என் பரிந்துரை 'மருந்தெதிர்ப்பு'. மருந்தை எதிர்த்தல், தமிழ் வழக்கின்படி முன்னால் நிற்பது எதிர்க்கப்படுகிறது. யாருடையது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்: 'கிருமியின் மருந்தெதிர்ப்பு'. மரபணுவைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மருந்தெதிர்ப்பு மரபணு'. பேச்சுக்கு நம் ஊரிலேயே சொல் இருக்கிறது. பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் ஊசிப்புழுவுக்கு அடித்த மருந்து பலிக்காவிட்டால், 'புழு மருந்துக்குக் கேட்கவில்லை' என்பார்கள். 'மருந்துக்குக் கேட்காத கிருமி' என்று மேடையில் சொன்னால் விளக்கமே வேண்டாம்.

'ஆன்டிபயாடிக்'கை நான் மாற்றச் சொல்லவில்லை. பாடநூலின் 'உயிர் எதிர்ப்பொருள்', உடலில் உருவாகும் ஆன்டிபாடிக்கு வழங்கும் 'எதிர்ப்பொருள்' என்பதோடு குழம்புகிறது. 'நுண்ணுயிர்க்கொல்லி' என்றால், டெட்ராசைக்ளின் போலப் பெரும்பாலும் வளர்ச்சியை மட்டும் நிறுத்துபவை அதற்குள் அடங்கா. தூய்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் மருந்துச் சீட்டு வரை வரும் சொல்லில் தெளிவுக்கே முதலிடம்.

மொழிபெயர்ப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: தலைப்பை மட்டும் அகராதியில் பார்த்து மாற்றிவிட்டுப் போகாதீர்கள். சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து, அந்தத் துறைக்குப் புறம்பான ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். 'சூப்பர்பக்' என்பதை 'அதிசக்திக் கிருமி' என்று பெயர்த்ததும் இப்படித்தான். அது பிற கிருமிகளைவிடக் கொடிய நோயைத் தர வேண்டும் என்பதில்லை. பல மருந்துகளுக்குக் கேட்காது, அவ்வளவே.

'மருந்துத் தாங்குதிறன்' என்றும் சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதை இங்கே செலவழிக்க வேண்டாம். மரபணு மாறாமலே, மந்தமாகக் கிடந்து மருந்திலிருந்து தப்பும் பாக்டீரியாக்கள் உண்டு. பெனிசிலினில் அப்படி எஞ்சுபவற்றை பாக்டீரியா ஆய்வாளர் ஜோசப் பிக்கர் 1944இலேயே விவரித்தார். அவற்றின் அடுத்த தலைமுறை அதே மருந்துக்கு மறுபடியும் சாகிறது. 'தாங்குதல்' அந்த நிலைக்கே பொருந்தும்.