கடைக்காரர் கண்ணுக்குத் தெரியாத கடை

ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் பேனாவால் புள்ளி ஒன்று வையுங்கள். தாளின் ஓரத்தில் பென்சிலை லேசாகத் தேய்த்து ஒரு மங்கலான திட்டு போடுங்கள். இப்போது கண்ணை அசைக்காமல் புள்ளியையே பார்த்துக்கொண்டிருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் திட்டு மங்கும், சில சமயம் சுத்தமாகக் காணாமலே போய்விடும். கண்ணை அசைத்தால் திரும்ப வந்துவிடும். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-ல் எழுதிவைத்த விஷயம் இது.

சின்னதாகக் கடையோ சலூனோ நடத்துகிறவர்கள் "முன்ன மாதிரி ஆளே வர்றதில்லை" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தத் திட்டுதான் ஞாபகம் வரும். பொருள் நன்றாகத்தான் இருக்கும், பேச்சும் மரியாதையாகத்தான் இருக்கும், ஆனால் ஷோகேஸில் அதே பொம்மை, அதே இடம், அதே போர்டு. தினமும் அந்தப் பக்கமாகப் போகிறவர் மூளை அந்தக் கடையையே அழித்துவிட்டிருக்கும்.

மூளை ஏன் இப்படிச் செய்கிறது? கடல்முயல் என்று நத்தை இனத்தில் ஒரு பிராணி உண்டு. அதன் நீர்க்குழலை மெதுவாகத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்தடுத்து ஒரு பத்துத் தடவை தொடுங்கள், இழுப்பு குறைந்துகொண்டே வரும். தொடுகையை உணரும் நரம்பு, செவுளை இழுக்கும் நரம்புக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனத்தை ஒவ்வொரு முறையும் குறைவாகவே விடுகிறது என்று நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டல் குழுவினர் கண்டுபிடித்தார்கள். நினைவு பற்றிய இந்த ஆராய்ச்சிகளுக்காக அவருக்கு 2000-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆபத்துமில்லை, ஆதாயமுமில்லை என்றால் எதற்கு வீணாக அலட்டிக்கொள்வது? நத்தைக்கே தெரிந்த சிக்கனம், நமக்கும் அதேதான். பழகிப்போதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

தாம்ப்சன், ஸ்பென்சர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1966-ல் இந்தப் பழகிப்போதலின் ஒன்பது குணங்களைப் பட்டியல் போட்டார்கள். ஒன்பதும் நமக்கு வேண்டாம், மூன்று போதும், ஆனால் அந்த மூன்றும் கடைக்கென்றே எழுதினது போல இருக்கும். அடிக்கடி தூண்டினால் சீக்கிரம் பழகிவிடும், அதனால்தான் தினமும் வரும் 'இன்று மட்டும் தள்ளுபடி' மெசேஜை யாரும் திறப்பதுகூட இல்லை. கொஞ்ச காலம் தூண்டாமல் விட்டால் பழைய கவனம் தானாகவே திரும்பும், ஆக ஒரு பொருளைச் சில வாரம் உள்ளே எடுத்துவைத்துவிட்டு மறுபடி வெளியே வைத்தால் பாதி பேர் "இது புதுசா?" என்று கேட்பார்கள், செலவு ஒரு பைசா இல்லை. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: நடுவில் வேறொரு தூண்டல் வந்தால், பழகிப்போன பழைய தூண்டலுக்கும் உயிர் வரும். புதுச் சரக்கு ஒன்றை ஓரமாக வைத்தால், பக்கத்தில் மூன்று வருஷமாகக் கிடப்பதும் கண்ணில் படும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் மாதாமாதம் மாற்றிவிடலாமா? அங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் அர்த்தமில்லாத சொற்களையும் சீன எழுத்து போன்ற வடிவங்களையும் ஆட்களுக்குக் காட்டிப் பார்த்தார். அதிகத் தடவை பார்த்தவற்றையே அவர்கள் நல்லவை என்று மதிப்பிட்டார்கள். பார்க்கப் பார்க்கப் பிடிக்கும் என்பது சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. ஆக ஒரே ஆள் மனதில் இரண்டு ஆசை, தெரிந்ததும் வேண்டும், புதுசும் வேண்டும். கடையின் பெயர், எழுத்து, நிறம், எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்பதெல்லாம் தெரிந்த பக்கம், அதில் கை வைத்தால் வாடிக்கையாளர் தன் வீட்டிலேயே வழி தவறினது போல எரிச்சல்படுவார். வாசல், ஷோகேஸ், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம், இவை புதுசுக்கு. பெரிய மாற்றத்தைவிட இங்கே செய்யும் சின்ன மாற்றம்தான் நின்று வேலை செய்யும் என்பது என் கணிப்பு.

இதில் ஒரு வேடிக்கை, கடையில் எல்லோரையும்விட அதிகமாகப் பழகிப்போனவர் முதலாளிதான். வாடிக்கையாளர் வாரம் பத்து நிமிஷம் பார்ப்பதை இவர் தினம் பத்து மணிநேரம் பார்க்கிறார். அதனால் மற்றவர்களுக்கு இப்போதுதான் மனதில் பதிய ஆரம்பித்த போர்டு இவருக்கு அலுத்துப்போய், பெயின்டரைக் கூப்பிட்டுவிடுவார். அதே நேரத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும் டியூப்லைட்டும், வெளிறிப்போன ஸ்டிக்கரும், மூலையில் தொங்கும் ஒட்டடையும் இவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வாசலில் நின்று போனில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டுக்குப் போய் ராத்திரி பார்த்தால் தெரியும், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

போட்டோவில் வராத ஒன்று வாசனை. மூக்கும் சீக்கிரம் மரத்துப்போகும், தன் கடையின் வாடை தனக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ரெண்டு நாள் லீவு விட்டுத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கும்போது, அந்த முதல் ஒன்றிரண்டு நிமிஷம் மட்டும் மூக்கு சொன்ன பேச்சு கேட்கும். விளக்கைப் போடுவதற்கு முன்னால் அப்படியே நின்று ஒரு தடவை இழுத்து முகர்ந்துவிடுங்கள், அப்புறம் சாம்பிராணி ஏற்றுவதா, பின்கட்டு ஜன்னலைத் திறப்பதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.