தெருக்குத்து இருக்கட்டும், தெருவின் மட்டம் பார்த்தீர்களா?

மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று என்னை அழைத்த வீடுகளில், இந்த ஐப்பசியில் மட்டும் இது நான்காவது. சென்னையின் தென்புறநகரில் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசி வீடு. பணி ஓய்வில் வந்த பணத்தையெல்லாம் போட்டு ஒரு தம்பதி வாங்கியது. நான் போனபோது கூடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி: "தெருக்குத்துக்குத்தான் மதிலில் பிள்ளையார் வைத்தாயிற்றே சார், அப்புறமும் ஏன் இப்படி?"

பிள்ளையார் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வாங்குவதற்கு முன் இரண்டு வாஸ்துக்காரர்களை அழைத்துக் காட்டியவர்கள், ஒரே ஒரு கொத்தனாரைத் தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயோடு கூப்பிட்டு, தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று மட்டம் பார்க்கச் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

முட்டுச்சந்து என்று காதில் விழுந்ததுமே தெருக்குத்து என்று பதறுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தெரு நேராக வந்து எந்த மனையின் மீது குத்துகிறதோ, அந்த மனைக்குத்தான் தெருக்குத்து. ஒரு சந்தில் பன்னிரண்டு வீடுகள் இருந்தால், முகப்பில் குத்து வாங்குவது கோடியில் குறுக்கே நிற்கும் ஒன்று. பக்கவாட்டு வீடுகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொன்னால், "ஆனாலும் சந்து முட்டுகிறதே சார்" என்கிறார்கள். முட்டட்டும். வண்டிதான் முட்டி நிற்கும் என்று நினைக்கிறீர்கள். மழைத் தண்ணீரும் அங்கேதான் முட்டி நிற்கும்; அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மனை விற்பவர்கள் இப்போது முட்டுச்சந்து என்று சொல்வதில்லை. கௌரவக் குறைச்சல். விளம்பரத் தாளில் 'கல்-டி-சாக்' என்று அச்சடித்து, அமைதியான சூழல் என்று சதுர அடிக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருள் பையின் அடி. பையில் எதைக் கொட்டினாலும் எங்கே போய்ச் சேரும்? நம் ஊர்ச் சொல் வண்டிக்காரனை எச்சரித்தது; அவர்கள் சொல் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) இதற்கென்றே ஒரு வரி வைத்திருக்கிறது: முட்டுச்சந்தின் மூடிய முனை, தொடங்கும் முனையைவிட உயரமாக இருக்க வேண்டும். வண்டி திரும்பும் இடம் 81 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 9 மீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. பரிந்துரைதான், சட்டமல்ல. ஆனால் வரைபடம் போடும் பொறியாளர்களில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் ஆட்களைப் பற்றி நானே எழுத வேண்டியிருக்கும்.

அந்தத் தெருவில் மட்டம் பார்த்தோம். தெருமுனையிலிருந்து நாற்பது நாற்பது அடியாக நகர்ந்தோம். ஒவ்வொரு நகர்வுக்கும் தரை இரண்டு அங்குலம் இறங்கியது. ஒன்பதாவது முறை கடைசி வீட்டுக் கேட்டருகே குழாயைப் பிடித்தபோது மொத்தம் ஒன்றரை அடிப் பள்ளம். பத்து வருடங்களுக்கு முன் அது முட்டுச்சந்தே இல்லையாம். பின்னால் காலிமனை, தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும். பிறகு அங்கே மண் கொட்டி மேடாக்கி மதில் எழுப்பினார்கள். பை தைத்து முடிந்தது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பங்குனி வெயிலில் வீடு பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு பெருமழைக்கு மறுநாள் போய்த் தெருக்கோடியில் நில்லுங்கள். மதிலில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். மதிலுக்குப் பின்னால் வாய்க்கால் ஏதும் இருந்ததா என்று கிராம வரைபடத்திலும், எந்த நிலம் என்ன வகை என்று எழுதி வைத்திருக்கும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டிலும் தேடுங்கள். பட்டாவை மட்டும் நீட்டி "எல்லாம் சரியாக இருக்கிறது சார்" என்று என்னிடம் வராதீர்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார் ஏற வாசலில் போடும் சாய்தளத்தை வடிகால் மீது கொண்டுபோய்ப் போடாதீர்கள். கோடியில் வண்டி திரும்பும் இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் சந்து முழுக்கப் பின்னோக்கியே வர வேண்டியிருக்கும், அந்தச் சந்தில்தான் உங்கள் பேரக்குழந்தைகள் விளையாடுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுச் சாலை போட வந்தால், எல்லா வீட்டாரும் சேர்ந்து தடுத்து நிறுத்துங்கள்.

அந்தத் தம்பதிக்கு இப்போதைக்கு ஒரு மோட்டார்தான் கொடுக்க முடிந்தது. கூடத்துத் தண்ணீரை வாசலுக்கு இறைத்தோம். கால் மணி நேரத்தில் அது கேட்டுக்கு அடியில் புகுந்து திரும்பி வந்தது. மறுநாள் தெருமுனை வரைக்கும் எட்டுகிற குழாய் வாங்கி வரச் சொன்னேன்.